ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு ராத்திரி மூச்சு நின்னு நின்னு வர்றது: மலையில இருக்கற குடும்பங்களுக்கு ஒரு விளக்கம்

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு அனுப்பும்போது குடுக்கற டிஸ்சார்ஜ் சம்மரியில, மாத்திரை லிஸ்ட், பிசியோ எல்லாத்துக்கும் கீழ, "ஸ்லீப் ஆப்னியா சந்தேகம், ஸ்லீப் ஸ்டடி எடுக்கவும்"னு சில பேருக்கு ஒரு வரி எழுதி வருது, அதாவது தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதான்னு டெஸ்ட் பண்ணிப் பார்க்கச் சொல்றாங்க. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் இருக்கற குடும்பங்க இதைப் படிச்சுட்டு ரெண்டு விதமா குழம்பறாங்க. கை கால் வரலையேன்னு தவிச்சுட்டு இருக்கும்போது குறட்டைக்கு எதுக்கு டெஸ்ட்டு, அதுக்காக மறுபடி கோயம்புத்தூர் இறங்கணுமாங்கறது ஒண்ணு. நெட்ல தேடிப் பார்த்தவங்க கேக்கறது இன்னொண்ணு, இதுக்குக் குடுக்கற மூச்சு மெஷின் போட்டாலும் ஸ்ட்ரோக் குறையலைன்னு பெரிய ஆராய்ச்சியே சொல்லிருச்சாமே, அப்புறம் எதுக்கு அவ்வளவு காசு போட்டு வாங்கணும்னு.

ரெண்டும் நியாயமான கேள்வி. ஆனா ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா, வீட்டுல ஸ்ட்ரோக் நோயாளி இருக்கறவங்க, அதுவும் மலையில இருக்கறவங்க, அந்த வரியைத் தான் முதல்ல கையில எடுக்கணும்னு நான் நினைக்கறேன். ஏன்னு அடிப்படையில இருந்து பார்க்கலாம்.

மூச்சு நிக்கறதுன்னா என்ன நடக்குது

தூங்கும்போது உடம்புத் தசை எல்லாம் தளருது, தொண்டையை விரிச்சு வெச்சிருக்கற தசையும் நாக்கும் சேர்த்து. சிலருக்கு அந்தத் தளர்ச்சியில நாக்கோட அடிப்பகுதியும் மேலண்ணத்துப் பின்பக்க மெல்லிய சதையும் சரிஞ்சு மூச்சுப்பாதையை அடைச்சிடும். நெஞ்சு இழுக்க முயற்சி பண்ணிட்டே இருக்கும், வயிறு ஏறி இறங்கும், ஆனா காத்து உள்ள போகாது. பக்கத்துல படுத்திருக்கறவங்களுக்கு இது எப்படித் தெரியும்னா, நல்லா சத்தமா வந்துட்டு இருந்த குறட்டை சட்டுன்னு நின்னுடும், பத்து இருபது செகண்ட், சில சமயம் அரை நிமிஷம் தாண்டியும் ஒரு சத்தமும் இருக்காது, அப்புறம் ஒரு பெரிய செருமலோட உடம்பு உதறி மறுபடி குறட்டை ஆரம்பிக்கும். தூங்கறவருக்கு காலையில இது எதுவும் ஞாபகம் இருக்காது, நல்லாத் தானே தூங்கினேன்னு சொல்லுவார்.

ரிப்போர்ட்ல வர்ற வார்த்தைங்க:

1. ஆப்னியா: மூச்சுக் காத்து 10 செகண்டோ அதுக்கு மேலயோ நின்னு போறது.
2. ஹைப்போப்னியா: முழுசா நிக்காம காத்து நல்லா குறைஞ்சு, கூடவே ரத்தத்துல ஆக்சிஜன் இறங்கறது இல்லன்னா தூக்கம் கலையறது.
3. ஏஹெச்ஐ: மேல சொன்ன ரெண்டும் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவை வருதுங்கற கணக்கு. 5க்குக் கீழ இருந்தா இயல்பு, 5ல இருந்து 15 வரைக்கும் லேசானது, 15ல இருந்து 30 நடுத்தரம், 30ம் அதுக்கு மேலயும் கடுமையானது. 30ன்னா ராத்திரி முழுக்க ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை மூச்சு தடைபடுதுன்னு அர்த்தம்.

வகை ரெண்டு இருக்கு. மேல சொன்னது அடைப்பு வகை, அது தான் அதிகம். இன்னொண்ணுல தொண்டை திறந்து தான் இருக்கும், ஆனா மூச்சு இழுன்னு மூளையில இருந்து கட்டளையே வராது, நெஞ்சும் அசையாது. இதை சென்ட்ரல் ஆப்னியான்னு ரிப்போர்ட்ல போடுவாங்க. மூச்சு கொஞ்சம் கொஞ்சமா பெருசாகி, அப்படியே சின்னதாகி, நின்னு, மறுபடி பெருசாகறது இதுல ஒரு தினுசு. ஸ்ட்ரோக் வந்த புதுசுல சிலருக்கு இது இருக்கும், பெரும்பாலும் வாரங்கள் போகப் போகக் குறையும். அடைப்பு வகை அப்படித் தானா போறது கம்மி.

எது முதல்ல, குறட்டையா ஸ்ட்ரோக்கா

ரெண்டு பக்கமும் வழி இருக்கு, அதனால தான் இது இவ்வளவு சிக்கல்.

முதல்ல ஆப்னியாவுல இருந்து ஸ்ட்ரோக்குக்குப் போற வழி. ஒவ்வொரு தடவை மூச்சு அடைச்சுத் திறக்கும்போதும் உடம்பு பதறி எழுந்துக்குது, பிபி எகிறுது. சாதாரணமா ராத்திரி தூக்கத்துல பிபி பகலை விட 10ல இருந்து 20 சதவீதம் இறங்கணும், ரத்தக்குழாய்க்கு அது தான் ஓய்வு. ஆப்னியா இருக்கறவங்களுக்கு அந்த இறக்கம் கிடைக்கறதில்ல, மூணு வகை மாத்திரை போட்டும் பிபி கட்டுக்குள்ள வரலைன்னா டாக்டருங்க தேடற காரணங்கள்ல இது முக்கியமானது. அடைச்ச தொண்டைக்கு எதிரா நெஞ்சு இழுக்கும்போது இதயத்தோட மேலறை இழுபடுது, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்ங்கற தாறுமாறான இதயத்துடிப்புக்கு இது வழி பண்ணுது, அந்தத் துடிப்புல இதயத்துக்குள்ள ரத்தம் கட்டி மூளைக்குப் போய் அடைச்சா அதுவே ஸ்ட்ரோக். 2005ல அமெரிக்காவுல வெளியான ஒரு ஆய்வுல, அடைப்பு வகை ஆப்னியா இருக்கறவங்களுக்கு ஸ்ட்ரோக் இல்லன்னா மரணம் வர்ற ஆபத்து கிட்டத்தட்ட ரெண்டு மடங்குன்னு வந்துச்சு, எடை, சுகர், பிபி எல்லாத்தையும் கணக்குல எடுத்த பிறகும்.

இப்ப மறுபக்கம். ஸ்ட்ரோக் வந்தா முகம் ஒரு பக்கம் கோணும், பேச்சு குழறும், விழுங்க முடியாதுன்னு நமக்குத் தெரியும். அதே தசைங்க தான் ராத்திரி தொண்டையையும் திறந்து வெக்குது. நாக்கும் தொண்டையும் ஒரு பக்கம் பலம் போனா, முன்னாடி குறட்டையே விடாதவங்களுக்குக் கூட மூச்சு அடைக்க ஆரம்பிக்கும். அதோட ஒரு கை ஒரு கால் வராதவங்களால திரும்பிப் படுக்க முடியாது, ராத்திரி முழுக்க மல்லாந்தே கெடப்பாங்க, மல்லாந்து படுக்கறது தான் நாக்கு பின்னாடி விழ வசதியான நிலை.

இந்த ரெண்டும் சேர்ந்து என்ன ஆகுதுன்னா, ஸ்ட்ரோக் வந்தவங்களை டெஸ்ட் பண்ணிப் பார்த்த ஆய்வுகளை மொத்தமா சேர்த்தா பத்துல ஏழு பேருக்கு ஏஹெச்ஐ 5க்கு மேல இருக்கு. சுகர், பிபியை எல்லாருக்கும் பார்க்கறோம், இவ்வளவு பேருக்கு இருக்கற ஒண்ணைப் பார்க்காம விடறது எனக்குப் பெரிய குறையாத் தான் படுது.

தேறி வர்ற மூளைக்கு ராத்திரி எதுக்கு

ஸ்ட்ரோக்ல செத்துப்போன மூளைப்பகுதி திரும்ப வராது. கை கால் திரும்ப வர்றது எப்படின்னா, பக்கத்துல இருக்கற பகுதிங்களும் எதிர்ப்பக்கமும் அந்த வேலையைப் புதுசா கத்துக்கறதால. பிசியோல தம்ளரைப் பிடிக்கற அசைவை நூறு தடவை பண்ண வெக்கறாங்களே, அது இந்தப் படிப்புக்குத் தான். பகல்ல பழகின அசைவை மூளை பதிய வெச்சுக்கற வேலையில பெரிய பங்கு ராத்திரித் தூக்கத்துல நடக்குது. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை மூச்சடைச்சு மூளை அரைகுறையா முழிச்சா ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகவே முடியாது, பகல்ல பட்ட பாட்டுல பாதி பதியாமயே போகும்.

இது போக இன்னும் மூணு விஷயம் இருக்கு.

1. அடிபட்ட மூளைக்கு ரத்த ஓட்டத்தைத் தானா சரி பண்ணிக்கற திறமை குறைஞ்சிருக்கும். நல்ல மூளையா இருந்தா பிபி ஏறினாலும் இறங்கினாலும் உள்ள போற ரத்தத்தை ஒரே அளவா வெச்சுக்கும். ஸ்ட்ரோக் பட்ட இடத்துல அது முடியாது, அதனால ஆப்னியாவுல ஆக்சிஜன் இறங்கறதும் பிபி எகிறறதும் நேரா அங்க போய் இடிக்குது. முதல் சில நாள்ல, சாகவும் இல்லாம வேலையும் செய்யாம ஊசலாடிட்டு இருக்கற ஓரப் பகுதிக்கு இது ரொம்பக் கெடுதல்.
2. பகல்ல சோர்வு. பிசியோ பண்ண வர்றவர் பத்து மணிக்கு வந்தா நோயாளி கண்ணைச் சொருகிட்டு உக்காந்திருப்பார், ரெண்டு தடவை கையைத் தூக்கிட்டு போதும்பார். வீட்டுல இருக்கறவங்க அதை பிடிவாதம்னு நினைச்சுக்கறாங்க, இல்லன்னா மனசு உடைஞ்சு போச்சுன்னு நினைக்கறாங்க. சோர்வுக்கு வேற காரணமும் இருக்கலாம் தான், ஆனா ராத்திரி மூச்சைப் பார்க்காம அவரைத் திட்டறது நியாயமே இல்ல.
3. ராத்திரி நாலு தடவை ஒண்ணுக்குப் போறது. குளிரு, சுகர்னு சொல்லி விட்டுடறோம். ஆப்னியாவுல இதயம் இழுபடும்போது உப்பையும் தண்ணியையும் வெளிய தள்ளச் சொல்ற ஒரு ஹார்மோன் சுரக்குது, சிறுநீர் கூடறதுக்கு அது ஒரு காரணம். ஒரு கால் வராதவர் ஊட்டிக் குளிர்ல ராத்திரி ரெண்டு மணிக்கு ஈரத் தரையில பாத்ரூம் போறதுன்னா விழுந்து இடுப்பெலும்பு உடையற ஆபத்து எவ்வளவுன்னு சொல்லத் தேவையில்ல.

மலை உயரம் எங்க வந்து சேருது

இதை யாரும் சரியா விளக்கி நான் பார்க்கல, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன். ஊட்டி 2,240 மீட்டர், கொடைக்கானல் கிட்டத்தட்ட 2,100, குன்னூர் 1,850, கோத்தகிரி 1,800க்குக் கொஞ்சம் கீழ. காத்துல ஆக்சிஜன் பங்கு எல்லா ஊர்லயும் 21 சதவீதம் தான், ஆனா மேல போகப் போகக் காத்தோட அழுத்தம் குறையுது, அதனால ஒவ்வொரு மூச்சுலயும் உள்ள போற ஆக்சிஜன் ஊட்டியில கடல்மட்டத்தோட ஒப்பிட்டா முக்கால் பங்கு, குன்னூர்ல அஞ்சுல நாலு பங்கு. இங்கயே பொறந்து வளர்ந்த உடம்பு இதுக்குப் பழகிக்கும், மூச்சு கொஞ்சம் அதிகமா இழுக்கும், ரத்தத்துல ஹீமோகுளோபின் கொஞ்சம் கூடும், பகல்ல ஒரு தொந்தரவும் தெரியாது.

ராத்திரி கதை வேற. விரல்ல மாட்டிப் பார்க்கற ஆக்சிஜன் அளவுக்கும் ரத்தத்துல உண்மையா இருக்கற ஆக்சிஜன் அழுத்தத்துக்கும் உள்ள உறவு நேர்கோடு கிடையாது. விரல்ல காட்டற அளவு 90 சதவீதத்துக்கு மேல இருக்கற வரைக்கும் அது ஊட்டி மேல சமதளத்துல நடக்கற மாதிரி, அழுத்தம் நல்லா குறைஞ்சாலும் அளவு ஒண்ணு ரெண்டு தான் இறங்கும், 90க்குக் கீழ போனா பர்லியார் மலைப்பாதை இறக்கம் மாதிரி, கொஞ்சம் சறுக்கினாலும் சரசரன்னு கீழ போயிடும். கோயம்புத்தூர்ல 98ல தூங்கப் போறவருக்கு அந்த இறக்கம் தொடங்க இன்னும் தூரம் இருக்கு. ஊட்டியில 94ல தூங்கப் போறவர் இறக்கத்தோட விளிம்புல தான் படுக்கறார். ரெண்டு பேருக்கும் அதே 25 செகண்ட் மூச்சு அடைச்சா, ஊட்டிக்காரருக்கு ஆக்சிஜன் விழற ஆழம் அதிகம்.

கீழ இருந்து மேல வர்றவங்களுக்கு இன்னொரு சிக்கலும் சேருது. ஆக்சிஜன் குறையற இடத்துல உடம்பு வேகமா மூச்சு விடும், அதுல கரியமில வாயு அதிகமா வெளிய போயிடும், அந்த வாயு குறைஞ்சா மூச்சு இழுன்னு மூளை கட்டளை குடுக்கறதை நிறுத்திக்கும். அப்ப அடைப்பு வகை இருக்கறவருக்கே சென்ட்ரல் வகையும் கூடும். 800 மீட்டருக்குக் கீழ வாழற ஆப்னியா நோயாளிகளை சுவிட்சர்லாந்து மலையில 1,630 மீட்டர்லயும் 2,590 மீட்டர்லயும் தங்க வெச்சுப் பார்த்த ஆய்வு 2012ல வந்துச்சு, அந்த உயரத்துல மூச்சு மெஷினோட, மூச்சைத் தூண்டி விடற அசெட்டசோலமைடு மாத்திரையும் சேர்த்துக் குடுத்தப்ப வெறும் மெஷினை விட மூச்சுத் தடையும் குறைஞ்சது, ஆக்சிஜனும் மேல இருந்துச்சு. நம்ம ஊருக்கு இதோட அர்த்தம் என்னன்னா, திருப்பூர்லயோ சென்னையிலயோ ஸ்ட்ரோக் வந்து, "நல்ல காத்து, அமைதியா இருப்பாரு"ன்னு அப்பாவை ஊட்டி வீட்டுக்குக் கூட்டிட்டு வர்ற குடும்பங்க, கிளம்பறதுக்கு முன்னாடி ராத்திரி மூச்சைப் பத்தி டாக்டர்கிட்ட கேட்டுட்டு வரணும். அந்த மாத்திரையை நீங்களா மெடிக்கல்ல வாங்கிக் குடுத்துடாதீங்க, கிட்னி, பொட்டாசியம், சல்ஃபா அலர்ஜின்னு பார்க்க வேண்டியது நிறைய இருக்கு.

இதே காரணத்தால டெஸ்ட்டும் எங்க எடுக்கறோம்ங்கறது முக்கியம். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில ஒரு ராத்திரி எடுத்த ஸ்டடியில ஆக்சிஜன் 86 வரைக்கும் இறங்குதுன்னு வந்தா, மேல வீட்டுல அது இன்னும் கீழ போக வாய்ப்பு இருக்கு. நான் ஊட்டியில குடியிருக்கேன், உயரம் இவ்வளவுன்னு டாக்டர்கிட்ட வாய்விட்டு சொல்லுங்க.

கண்டுபிடிக்காம போறது எதனால

ஆப்னியான்னா குண்டா இருக்கணும், பகல்ல தூங்கி விழணும்னு எல்லாரும் நினைக்கறோம். ஸ்ட்ரோக் வந்தவங்கள்ல ஒல்லியா இருக்கறவங்களுக்கும் இது இருக்கு, பகல் தூக்கமும் பல பேருக்குப் பெருசா இருக்காது. கழுத்து எவ்வளவு, பஸ்ல போகும்போது தூக்கம் வருமான்னு கேட்டு மார்க் போடற கேள்வித்தாள் ஸ்ட்ரோக் நோயாளிகளுக்கு அவ்வளவு சரியா பிடிக்கறதில்ல. பேச்சு வராதவர் என்ன பதில் சொல்லுவார்?

கொரோனாவுக்கு அப்புறம் நிறைய வீட்டுல ஆக்சிமீட்டர் இருக்கு. முழிச்சிருக்கும்போது மாட்டிப் பார்த்து 95 இருக்கேன்னு நிம்மதியாகிடாதீங்க, அது ராத்திரியைப் பத்தி ஒண்ணும் சொல்லாது. விரல் சில்லுன்னு இருந்தா தப்பா குறைச்சுக் காட்டும், வாதம் அடிச்ச பக்கத்துக் கை பல பேருக்கு சில்லுன்னு வீங்கித் தான் இருக்கும், அதனால நல்ல கையை ரெண்டு நிமிஷம் தேய்ச்சு சூடாக்கிட்டு அதுல மாட்டுங்க.

வீட்டுல இருந்தே பண்ண முடிஞ்ச உருப்படியான வேலை ஒண்ணு இருக்கு. விடியக்காலம் நாலு அஞ்சு மணிக்கு, கனவுத் தூக்கம் அதிகமா வர்ற நேரம் அது, மூச்சுத் தடையும் அப்ப தான் அதிகமாகும், ஃபோனை வெச்சு பத்து நிமிஷம் வீடியோ எடுங்க, முகமும் நெஞ்சும் வயிறும் தெரியணும், சத்தமும் கேக்கணும், போர்வையை இடுப்பு வரைக்கும் இறக்கி விடுங்க. அதை ரிவியூவுக்குப் போகும்போது காட்டினா வாயால நூறு தடவை சொல்றதை விட டாக்டருக்கு சட்டுன்னு புரியும்.

டெஸ்ட்டுல ரெண்டு நிலை. ஆஸ்பத்திரியில ஒரு ராத்திரி படுக்க வெச்சு மூளை அலை, இதயம், மூச்சு, ஆக்சிஜன், கால் அசைவுன்னு எல்லாம் பார்க்கறது முழு ஸ்லீப் ஸ்டடி. வீட்டுக்கே குடுத்து அனுப்பற சின்னக் கருவி மூச்சு, நெஞ்சு அசைவு, ஆக்சிஜனை மட்டும் பதியும். அடைப்பு வகைன்னு வலுவா சந்தேகம் இருந்தா பல பேருக்கு சின்னதே போதும். இதயம் பலவீனமா இருக்கறவங்க, சென்ட்ரல் வகை சந்தேகம் இருக்கறவங்களுக்கு முழுசு தான் சரி. மலைப்பாதையில வளைவு வளைவா உக்கார வெச்சு ஸ்ட்ரோக் நோயாளியைக் கீழ கொண்டு போறது எவ்வளவு சிரமம்னு தெரியும், வாந்தி வேற வரும், அதனால வீட்டுக் கருவி கிடைக்குமான்னு முதல்ல கேளுங்க. ஊட்டியிலயே இப்ப அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு, எங்க எந்த டெஸ்ட் எடுக்கலாம்னு அங்க விசாரிச்சுட்டு அப்புறம் கீழ இறங்கறதைப் பத்தி யோசிக்கலாம்.

மெஷின் வேலைக்கு ஆகுமா, ஆராய்ச்சி சொல்றது என்ன

சிபாப்ங்கறது மூக்குல மாட்டற மாஸ்க் வழியா தொடர்ந்து காத்தை ஒரு அழுத்தத்துல ஊதி தொண்டை மூடாம வெச்சுக்கற மெஷின். 1981ல ஆஸ்திரேலியாவுல காலின் சல்லிவன்ங்கற டாக்டர் கொண்டு வந்தது. அது ஆக்சிஜன் சிலிண்டர் இல்ல, சுத்தி இருக்கற காத்தையே தான் ஊதுது.

நெட்ல சுத்தற அந்த ஆராய்ச்சி 2016ல வந்த சேவ் ஆய்வு. 2,717 பேரு, இந்தியாவுல இருந்தும் ஆள் சேர்த்தாங்க, எல்லாருக்கும் ஏற்கெனவே இதய நோயோ ஸ்ட்ரோக்கோ வந்திருந்துச்சு. மெஷின் குடுத்த பக்கத்துக்கும் குடுக்காத பக்கத்துக்கும் புதுசா வர்ற ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக், மரணத்துல பெரிய வித்தியாசம் இல்ல. இது உண்மை, மறைக்க வேண்டியதில்ல. ஆனா அதைப் படிக்கும்போது மூணு விஷயத்தையும் சேர்த்துப் படிக்கணும்.

1. அவங்க மெஷினை சராசரியா ஒரு ராத்திரிக்கு 3.3 மணி நேரம் தான் போட்டாங்க. ஏழு மணி நேரத் தூக்கத்துல பாதிக்கு மேல மெஷினே இல்லாம தான் ஓடியிருக்கு.
2. பகல்ல ரொம்பத் தூங்கி விழறவங்களையும், ராத்திரி ஆக்சிஜன் ரொம்பக் கீழ போறவங்களையும் ஆரம்பத்துலயே சேர்த்துக்கல. மலையில நாம கவலைப்படறது அந்த ரெண்டாவது கூட்டத்தைப் பத்தித் தான்.
3. அந்த ஆய்வு கேட்ட கேள்வி, அடுத்த அட்டாக் வருமாங்கறது. வந்த ஸ்ட்ரோக்ல இருந்து கை கால் எவ்வளவு தேறுதுங்கறது வேற கேள்வி, அதை அங்க யாரும் அளக்கல.

அந்த வேற கேள்விக்கு சின்னச் சின்ன ஆய்வுகள் இருக்கு. 2011ல கனடாவுல, மறுவாழ்வு வார்டுல இருந்த ஸ்ட்ரோக் நோயாளிகளுக்கு நாலு வாரம் சிபாப் குடுத்துப் பார்த்தப்ப கை கால் செயல்பாடு நல்லா தேறுச்சு, பகல்ல தூங்கி விழறதும் குறைஞ்சுது, ஞாபகம் கவனம் இதுலல்லாம் பெரிய மாற்றம் இல்ல. 2018ல 10 ஆய்வுகளை சேர்த்து அலசினப்ப நரம்புச் செயல்பாட்டுல முன்னேற்றம் தெரிஞ்சுது, ஆனா ஒவ்வொரு ஆய்வும் ஒவ்வொரு மாதிரி வந்ததால அளவை அடிச்சு சொல்ல முடியல. அமெரிக்க இதய, ஸ்ட்ரோக் சங்கங்களோட 2021 வழிகாட்டுதலும் இதே நிதானத்துல தான் இருக்கு, ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு ஆப்னியா இருக்கான்னு பார்க்கறதை யோசிக்கலாம், இருக்குன்னு உறுதியானா சிபாப் பயன் தரலாம்னு.

ஆக, இதைப் போட்டா அடுத்த ஸ்ட்ரோக் வராதுன்னு யாராவது மெஷின் வித்தா நம்பாதீங்க. பிபி, சுகர், கொழுப்பு, ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை இதெல்லாம் தான் அதுக்கு முதல் காவல். தூக்கம் சரியாகி, பகல்ல தெம்பா பிசியோ பண்ணி, தேறுற வாய்ப்பைக் கூட்டிக்கறதுக்கு மெஷின் உதவும், அதுவும் தினமும் நாலு மணி நேரத்துக்குக் குறையாம போட்டா.

ஒரு கை வராதவரும் ஒரு மாஸ்க்கும்

போட முடியாம விட்டுடறது தான் இங்க பெரிய தோல்வி, நோயாளி மேல தப்பு இல்லாமயே நடக்கற தோல்வி. மாஸ்க்கோட பட்டை தலைக்குப் பின்னாடி போய் ரெண்டு பக்கமும் மாட்டணும், ரெண்டு கை இருக்கறவங்களுக்கே முதல் வாரம் எரிச்சல் வரும். கோணின வாய்ப்பக்கம் உதடு சரியா மூடாததால காத்து அந்த ஓரமா சீறிட்டுப் போகும், அந்தப் பக்கத்துக் கண்ணு முழுசா மூடாதவங்களுக்கு அந்தக் காத்து பட்டு கண்ணு காஞ்சு சிவந்துடும். பட்டை நீளத்தை ஒரு தடவை சரியா வெச்சுட்டு, அதுக்கப்புறம் கிளிப்பை மட்டும் கழட்டி மாட்டற மாதிரி மாஸ்க் கேளுங்க, நல்ல கையால தலைவழியா இழுத்துப் போட்டுக்கலாம். காந்தம் வெச்ச கிளிப் ஒரு கைக்கு ரொம்ப வசதி தான், ஆனா மூளையில ரத்தக்குழாய் வீக்கத்துக்குக் கிளிப் போட்டவங்க, மூளையில சேர்ற நீரை வடிக்கற ஷன்ட் குழாய் வெச்சவங்க, பேஸ்மேக்கர் இருக்கறவங்க பக்கத்துல காந்த மாஸ்க் வரவே கூடாது, கூடப் படுக்கறவருக்கு பேஸ்மேக்கர் இருந்தாலும் அப்படித் தான். வாயையும் சேர்த்து மூடற பெரிய மாஸ்க்கை, வாந்தி வந்தா தானா கழட்ட முடியாதவருக்குப் போட்டு விட்டுட்டு வேற ரூம்ல போய் படுத்துடாதீங்க.

முதல் நாளே ராத்திரி முழுக்கன்னு ஆரம்பிக்காம, பகல்ல டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் போட்டுப் பழக்குங்க.

மலை வீட்டுல வர்ற தொல்லைகள் தனி. மெஷின்ல இருக்கற தண்ணித் தொட்டி காத்தை ஈரமாக்கி அனுப்பும், டிசம்பர் ஜனவரி குளிர்ல அந்த ஈரம் குழாய்க்குள்ளயே தண்ணியாகி ராத்திரி மூணு மணிக்கு மூக்குல சொட்டும், நோயாளி பயந்து பிடுங்கி எறிவார். குழாயைக் கம்பளிக்குள்ள விட்டுக்குங்க, மெஷினைக் கட்டிலை விடக் கீழ வெய்ங்க, சூடாகற குழாய் கிடைச்சா இன்னும் நல்லது. மழைக்காலத்துல மரம் விழுந்து கரண்ட் போனா, ஈரப்படுத்தற சூட்டை அணைச்சுட்டா மெஷின் எடுக்கற கரண்ட் ரொம்பக் கம்மி, வீட்டு இன்வெர்ட்டர்லயே ஓடும். இப்ப வர்ற மெஷின் பெரும்பாலும் உயரத்தைத் தானா சரி பண்ணிக்கும், பழசுல கையால வெக்கணும், வாங்கும்போது ஊட்டி உயரத்தை சொல்லிக் கேளுங்க. செகண்ட் ஹேண்ட்ல வாங்கறவங்க, 2021ல பிலிப்ஸ் கம்பெனி உள்ள இருக்கற நுரைப்பஞ்சு உதிருதுன்னு பல மாடலைத் திரும்ப வாங்கிக்கிச்சுங்கறதை மனசுல வெச்சு மெஷினோட மாடல், சீரியல் நம்பரை சரிபார்த்துட்டு வாங்குங்க.

மெஷினுக்கு முன்னாடியும் மெஷினோடயும்

- ஒருக்களிச்சுப் படுக்க வெய்ங்க, முதுகுக்குப் பின்னாடி தலகாணி முட்டுக் குடுத்து. வாதம் அடிச்ச பக்கத்துத் தோள் உடம்புக்கு அடியில நசுங்காம எப்படி வெக்கறதுன்னு பிசியோகாரர்கிட்ட ஒரு தடவை செஞ்சு காட்டச் சொல்லுங்க. மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கு பிசியோ வர்றவங்க இருந்தா அவங்களே காட்டுவாங்க.
- குளிருக்கு ரெண்டு பெக்குங்கற பழக்கம் இருந்தா நிறுத்தணும், தொண்டைத் தசையை அது இன்னும் தளர்த்தும்.
- தூக்கம் வரலைன்னு பக்கத்து வீட்டுல இருந்து வாங்கின தூக்க மாத்திரை கூடவே கூடாது, டாக்டர் ஏற்கெனவே எழுதியிருந்தா அவரைக் கேட்டுட்டு மாத்துங்க.
- கரி அடுப்பை மூடின ரூமுக்குள்ள வெக்காதீங்க. அதுல வர்ற கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜன் இடத்தைப் பிடிச்சுக்கும், விரல் ஆக்சிமீட்டருக்கு அந்த வித்தியாசம் தெரியாது, உள்ள மூச்சு முட்டிட்டு இருக்கும்போதே 96ன்னு காட்டும்.
- எடை அதிகம் இருந்தா குறைக்கறது உதவும், ஆனா நடக்க முடியாதவரைப் பட்டினி போடாதீங்க, தேறி வர்ற உடம்புக்குப் புரதம் வேணும்.

மூணு மாசம் கழிச்சு டெஸ்ட்டைத் திரும்ப எடுக்கணுமான்னு கேளுங்க, சென்ட்ரல் வகை அதுக்குள்ள குறைஞ்சிருக்கலாம், எடையும் தொண்டை பலமும் மாறியிருக்கலாம், அப்ப அழுத்தத்தையும் மாத்த வேண்டி வரும். ஒவ்வொரு ராத்திரியும் எத்தனை மணி நேரம் போட்டாங்க, மாஸ்க்ல எவ்வளவு காத்து கசிஞ்சுது, இன்னும் எத்தனை தடவை மூச்சு நின்னுச்சுன்னு பெரும்பாலான மெஷின் ஒரு சின்ன கார்டுல பதிஞ்சு வெச்சுக்கும். ரிவியூவுக்குக் கிளம்பும்போது மாத்திரைச் சீட்டோட அந்தக் கார்டையும் கழட்டி எடுத்துட்டுப் போங்க, போட்டாங்களா போடலையான்னு கேக்கறதோட நிக்காம, அழுத்தத்தைக் கூட்டணுமா மாஸ்க்கை மாத்தணுமான்னு அதைப் பார்த்துத் தான் டாக்டர் முடிவு பண்ணுவார்.